தாணே – மும்பைப் பகுதியில் நன்னீர்நிலை ஆய்வுகள்: ஒரு வரலாற்று நோக்கு

மும்பை மாநகரின் இடப்பெயர்களுள் நீர்நிலை சார்ந்தவை பல. தோபி தலாவ், கோவாலியா டாங்க், சி. பி. டாங்க் ஆகியவை இன்று பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாகவும் தெருமுனைகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. இவ்விடங்களில் நீர் இல்லை. வண்ணார் துணி வெளுத்த குளமும், ஆயர் மாடு குளிப்பாட்டிய குளமும் தூர்க்கப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. 1942 ஆகஸ்ட்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய கோவாலியா டாங்க் திடல், பெயரளவில் மட்டுமே குளம். சென்னையில் ஸ்பர் டாங்க் சாலை என்னும் பெயரைக் காண்பவர்க்கு இந்நிலை புதியதன்று.

இவ்வாறு மறைந்த குளங்களைப் பற்றிய சான்றுகள் இடப்பெயர்களில் மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து அறிஞர் சிலர் அக்குளங்களின் நீரை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளும் உள்ளன. இந்திய நன்னீர் உயிரியலின் தொடக்கக்கால ஆவணங்களுள் அவை இடம்பெறத்தக்கவை. அவ்வாய்வுகளின் வரலாற்றையும், அதில் தாணே பெறும் இடத்தையும், தமிழகத்து ஆய்வுகளோடு அதற்குள்ள உறவையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கே தேவைப்படுகிறது. ஆங்கிலேயர் இந்தியக் குளங்களைக் குறிக்க ஆண்ட 'டாங்க்' என்னும் சொல்லுக்குக் குஜராத்தி, மராத்தி வழக்கிலுள்ள 'டாங்கி'யையும் போர்த்துகீசியரின் 'டாங்க்கே'யையும் அகராதியாளர் மூலமாகக் காட்டுவர். தமிழில் 'தாங்கல்' இருப்பதைக் கொண்டு, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாக்கி அச்சொல்லைத் தமிழுக்கு உரியதாக்குவது ஆய்வு நெறியாகாது. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, கேணி, சுனை, மடு எனப் பயனும் அளவும் நோக்கி வேறுபடுத்திப் பெயரிடும் தமிழ் மரபுக்கு, 'டாங்க்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிய ஆங்கில ஆவணங்கள் பெரும் இடர்ப்பாட்டை உண்டாக்குகின்றன என்பது மட்டும் உறுதி. படித்துறை கட்டிய கோயில் குளமா, மழைநீர் தேங்கிய பள்ளமா, கல் வெட்டிய குழியா என்பதை ஒவ்வோர் ஆவணத்திலும் சூழல் நோக்கியே அறிய வேண்டியுள்ளது.

தாணே மாவட்டத்து நீரும் மும்பைக் குளங்களும்

இன்று மும்பையின் புறநகராக எண்ணப்படும் சால்செட் தீவு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது. மும்பைத் தீவு தன் குடிநீருக்குக் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தது. 1850களில் ஏற்பட்ட கடும் தட்டுப்பாட்டினால், ஹென்றி கோனிபேரின் திட்டப்படி சால்செட்டின் பள்ளத்தாக்கு ஒன்றில் அணை கட்டப்பட்டது. 1856இல் தொடங்கிய பணி 1860இல் நிறைவுற்றது. அதுவே விஹார் ஏரி. அதன்பின் துளசி (1879), பவாய் (1891), தான்சா (1892) எனத் தொடர்ந்து, வைதரணையின் குறுக்கே கட்டப்பட்ட மோடக் சாகர் வரை, பழைய தாணே மாவட்டத்தின் பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மும்பைக்கு நீர் தரும் தேக்கங்களாயின.

இதன் விளைவு இருமுனைப்பட்டது. குழாயில் நீர் வந்தபின் மும்பைத் தீவின் குளங்கள் பயனற்றவையாகவும், பின்னர் நோயின் இருப்பிடங்களாகவும் கருதப்பட்டன. மனை விலையும் ஏறியது, குளங்கள் தூர்ந்தன. தாணே நகரிலோ சிறு குளங்கள் பல எஞ்சின. கோபினேஸ்வர் கோயிலை அடுத்த மசுந்தா, கச்சராளி, உப்வன், சித்தேஸ்வர், அம்பே கோசாளே, ரைலாதேவி முதலிய ஏறத்தாழ 35 நீர்நிலைகளைக் கொண்டு 'ஏரிகளின் நகரம்' என அது இன்றும் வழங்கப்படுகிறது. ஆகவே மும்பையில் அழிந்துபோன குளங்களின் உயிரியலை அறிய விரும்புவார்க்கு, மழையளவும் நிலவமைப்பும் பெரும்பாலும் ஒத்த தாணேயின் குளங்களே மிக நெருங்கிய உறவு. இவ்வுறவு ஆய்வாளரால் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

கார்ட்டரும் பஞ்சுயிரிகளும்

ஹென்றி ஜான் கார்ட்டர் (1813–1895) கிழக்கிந்தியக் கம்பெனியின் மும்பைப் பணியில் இருந்த மருத்துவர். 'பாலினூரஸ்' என்னும் கப்பலில் அரேபியாவின் தென்கிழக்குக் கரையை அளவிடும் பணியில் பங்கேற்றுத் திரும்பிய பின்னர், மும்பையில் தங்கி, 1862இல் தாயகம் செல்லும் வரை ஓய்வு நேரங்களில் நுண்ணோக்கி ஆய்வில் ஈடுபட்டார். அவர் கண் முதலில் பதிந்தது நன்னீர்ப் பஞ்சுயிரிகளின் மீது. மும்பைக் குளங்களின் நன்னீர்ப் பஞ்சுயிரிகளைப் பற்றி 1840களின் இறுதியில் அவர் எழுதிய கட்டுரைகள் முதலில் மும்பையின் மருத்துவக் கழக வெளியீட்டிலும் பின்னர் இலண்டன் இதழிலும் வந்தன. 1849இல் வெளியான கட்டுரையில் ஐந்து இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

பஞ்சுயிரி தாவரமா விலங்கா என்னும் வினா அக்காலத்தில் முற்றிலும் தீர்ந்திருக்கவில்லை. பச்சை நிறமும் அசைவின்மையும் அதைத் தாவரத்தோடு சேர்க்கத் தூண்டின. கார்ட்டரோ தம் கட்டுரையின் தலைப்பிலேயே அதன் 'விலங்குத்தன்மை'யை எடுத்துக்கொண்டார். நிறத்துகள்கள் கலந்த நீரில் பஞ்சுயிரியை வைத்து, அத்துகள்கள் உடலின் எப்பகுதிக்குச் செல்கின்றன என்பதைப் பின்னாளில் அவர் கண்டறிந்தார். நீரை உள்ளிழுத்து வடித்து உணவைக் கொள்ளும் உயிர் அது என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வாய்வுக்கு மும்பைக் குளமே பொருத்தமான களமாயிற்று. ஐரோப்பியக் குளத்தில் பஞ்சுயிரிக்குப் பகை குளிர்காலம். இங்குப் பகை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் நிறையும் குளம், எஞ்சிய எட்டு மாதங்களில் படிப்படியாகத் தாழ்கிறது. கல்லிலும் சுள்ளியிலும் நீர்ச்செடித் தண்டிலும் ஒட்டி வளர்ந்த பஞ்சுயிரி வெளிப்பட்டு, வெயிலில் காய்ந்து, தொட்டால் உதிரும் சக்கையாகிறது. ஆனால் அச்சக்கைக்குள் கடுகினும் சிறிய, கெட்டியான உறை கொண்ட விதையுருக்கள் இருக்கின்றன. ஜெம்யூல் என்று விலங்கியலார் வழங்கும் இவை வறட்சியைத் தாங்கி, அடுத்த மழையில் உயிர்பெற்றுப் புதிய பஞ்சுயிரியாக வளர்கின்றன. கார்ட்டர் இவ்விதையுருக்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் தொடர்ந்து நோக்கி எழுதினார். பருவமழைக் குளத்தின் வாழ்க்கை, நீர் இருக்கும் காலத்தில் மட்டும் நடப்பதன்று, நீரற்ற காலமும் அதன் பகுதியே என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது. அவர் இதனை ஒரு கொள்கையாக வகுத்துரைக்கவில்லை.

இந்த இடத்தில் மிகைக்கூற்றைத் தவிர்க்க வேண்டும். ஏரியை ஒரு சிற்றுலகாகக் கண்டு ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் அமெரிக்காவில் கட்டுரை எழுதியது 1887இல். ஜெனீவா ஏரியைப் பற்றிய ஃபோரலின் நூலின் முதல் தொகுதி வெளியானது 1892இல். சூழல் மண்டலம் என்னும் கருத்தை டான்ஸ்லி பெயரிட்டு வழங்கியது 1935இல். கார்ட்டரின் பணி இவற்றுக்கெல்லாம் முந்தியது என்பதால் அவரைச் சூழலியலின் தந்தை என்று சொல்லிவிட முடியாது. அவர் உயிரியைப் பார்த்தார். குளத்தை ஒரு முழுமையாகப் பார்க்கவில்லை. எனினும் ஒரே குளத்திற்கு மீண்டும் மீண்டும் சென்று பருவந்தோறும் நோக்கும் பழக்கம் இப்பகுதியில் அவரிடம் தெளிவாகக் காணப்படுகிறது. அவரால் வேறு பெயரில் குறிக்கப்பட்ட இனம் ஒன்றுக்குப் பவர்பேங்க் 1863இல் 'கார்ட்டெரி' எனப் பெயர் சூட்டினார். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் நன்னீர்ப் பஞ்சுயிரிகளுள் அது ஒன்று.

சயான் குளமும் நரம்புச் சிலந்தியும்

இன்று தமிழர் செறிந்து வாழும் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில் உள்ளது சயான். 1850களில் அங்கிருந்த ஒரு குளம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 50 சிறுவர்கள் பயின்ற பள்ளி ஒன்றின் மாணவர்கள் அக்குளத்தில் குளித்து வந்தனர். ஓராண்டிற்குள் அவர்களுள் 21 பேருக்கு நரம்புச் சிலந்தி கண்டது. வேறிடங்களில் குளித்த பிற பள்ளி மாணவர்களிடம் அந்நோய் பெரும்பாலும் இல்லை. இதனைப் பதிவுசெய்த கார்ட்டர், குளத்து வண்டலில் நுண்புழுக்கள் மிகுந்திருந்ததைக் கண்டு, அவையே குளிக்கும்போது தோல் வழியாக உடலில் புகுந்து வளர்கின்றன என்று கருதினார்.

கருத்து தவறானது, ஆனால் கேட்ட கேள்வி சரியானது. நோயைக் காற்றிலோ ஊழிலோ தேடாமல் குறிப்பிட்ட ஒரு குளத்தில் தேடியதும், அக்குளத்தில் குளித்தவரையும் குளிக்காதவரையும் ஒப்பிட்டு எண்ணியதும் முறையான ஆய்வு நெறி. 1870இல் துர்க்கெஸ்தானத்தில் ஆய்ந்த ஃபெட்சென்கோ, புழுவின் இளவுயிரி சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். வழி தோல் அன்று, வாய். குளித்தல் அன்று, குடித்தல். பின்னர் லெய்ப்பர் முதலியோரின் ஆய்வுகள் இதை உறுதிசெய்தன.

நரம்புச் சிலந்தியின் வாழ்க்கை, நீர்நிலையில் உயிர்களுக்கிடையே உள்ள தொடர்பை விளக்குவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. காலில் கொப்புளத்துடன் ஒருவர் படிக்கிணற்றில் இறங்குகிறார். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து, புழு தன் குஞ்சுகளை நீரில் விடுகிறது. அவற்றைச் சைக்ளாப்ஸ் விழுங்குகிறது. அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து முதிர்ந்த புழு தோலைத் துளைத்து வெளிவருகிறது. இச்சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தால் நோய் ஒழியும். இந்தியாவில் 1980களில் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் இதனையே செய்தது: படிக்கிணறுகள் இறைகிணறுகளாக மாற்றப்பட்டன, நீர் துணியால் வடிகட்டப்பட்டது, சைக்ளாப்ஸைக் கொல்ல மருந்து இடப்பட்டது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு இந்நோயற்றது என அறிவிக்கப்பட்டது. தமிழில் இந்நோய்க்கு இருந்த பெயர் இன்று அகராதிச் சொல்லாகிவிட்டதில் வருந்த ஒன்றுமில்லை.

குளம் குற்றவாளியாதல்

குளத்தின் உயிர்களைப் பற்றிய அறிவு வளர வளர, குளத்தை மூடுவதற்கான காரணங்களும் வளர்ந்தன. கிளென் லிஸ்டன் 1901இல் விவரித்த அனோஃபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, மும்பையில் மலேரியாவைப் பரப்புவது எனத் தெரியவந்தது. சதுப்பிலும் வயலிலும் வளரும் பிற கொசுக்களைப் போலன்றி இது வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் தெளிந்த நீரில் வளர்வது. மும்பை மலேரியாவின் காரணங்களை ஆராய்ந்த சி. ஏ. பென்ட்லியின் அறிக்கை 1911இல் வெளியாயிற்று. அதனை ஒட்டிக் கிணறுகளை மூடும் பணி விரைந்தது.

பார்சி சமயத்தார்க்குக் கிணற்று நீர் வழிபாட்டுக்குரியது. ஆதலால் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சர்ச்கேட் அருகில் 1725இல் தோண்டப்பட்ட பீக்கா பெஹ்ராம் கிணறு இன்றும் வழிபாட்டில் உள்ளது. இவ்வெதிர்ப்பை அறியாமை என ஒதுக்கும் போக்கு அக்கால ஆவணங்களில் உண்டு. அதனை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. மலேரியாவால் இறந்தோர் பலர் என்பதும் உண்மை. கிணற்றைக் காத்தவர்கள் நகரின் நீர் நினைவைக் காத்தார்கள் என்பதும் உண்மை. வேறு வழியே இல்லாமல் இருந்ததா என்பதே வினா. கொசுவின் இளவுயிரிகளை உண்ணும் மீன்களைக் கிணற்றில் விடும் முறையும் அறியப்பட்டதே. அதற்குத் தொடர்ந்த கவனிப்பு வேண்டும். மூடிவிடுவதற்கு ஒரு நாள் போதும்.

பாசி ஆய்வுகளும் தமிழகத் தொடர்பும்

குளத்தை நோய்க்களமாக மட்டும் காணாமல் மீண்டும் ஓர் உயிர்த்தொகுதியாகக் கண்டவர்கள் பாசியியலார். இத்துறையில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) உருவாக்கிய மாணவர் மரபு இந்தியப் பாசியியலுக்கு அடித்தளமாயிற்று. அதே காலத்தில் நீரின் வேதியியலையும் உயிரியலையும் இணைத்து ஆராய்ந்தவர் எஸ். வி. கணபதி. நீலப்பசும்பாசியாகிய மைக்ரோசிஸ்டிஸ் ஆண்டு முழுதும் நிலைத்துப் பெருகியிருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை 1940இல் வெளியானது. அதை வெளியிட்டது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் என்பது குறிப்பிடத்தக்கது.

கோயில் குளத்தின் பச்சை நிறத்தைப் 'பாசி படிந்தது' என்று சொல்லிக் கடந்துவிடுவோம். மைக்ரோசிஸ்டிஸ் படிவதில்லை, மிதக்கிறது. அதன் உயிரணுக்களில் உள்ள வளிக்குமிழ்கள் அதை மேற்பரப்புக்குத் தூக்கி, வெயிலை முதலில் அதற்கே தருகின்றன. அடியிலுள்ள பிற பாசிகள் ஒளியின்றி நலிகின்றன. வெளியேற வழியற்ற குளத்தில் மனிதர் சேர்க்கும் ஊட்டப்பொருள்கள் தேங்குகின்றன. பகலில் அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன், விடியலுக்கு முன் பற்றாக்குறை என நீர் ஊசலாடுகிறது. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறப்பது இதனால்தான். மிதவெப்ப நாட்டில் குளிர்காலம் வந்து இப்பெருக்கத்தைக் கலைத்துவிடும். நம் கோயில் குளத்தில் அத்தகைய இடைவேளை இல்லை.

இதே இதழில் 1946இல் எல்லா கொன்சால்வஸ், டி. பி. ஜோஷி ஆகிய இருவரும் மும்பையை ஒட்டிய நன்னீர்ப் பாசிகளைப் பற்றி எழுதினர். பாந்திராவிலுள்ள ஒரு குளத்தில் பருவந்தோறும் ஒரு பாசி மறைந்து மற்றொன்று தலையெடுக்கும் வரிசை அதன் பொருள். கார்ட்டரின் பஞ்சுயிரிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, மும்பையின் குளத்திற்கு ஒரு பருவ அட்டவணை கிடைத்தது. பின்னர்த் தமிழக மீன்வளத் துறையைச் சேர்ந்த அ. சீனிவாசன், வெப்பநாட்டுக் குளம் ஒன்றின் முதல்நிலை உற்பத்தியையும் மீன் விளைச்சலையும் அளந்து 1964இல் அமெரிக்க ஏரியியல் இதழில் எழுதினார். ஊர்க்குளம் உலக அறிவியல் அரங்கில் எண்களோடு இடம்பெற்றது அவ்வாறுதான்.

ஓடைகள்

தேங்கிய நீருக்குக் கிடைத்த கவனம் ஓடும் நீருக்குக் கிடைக்கவில்லை. விதிவிலக்குகள் சில. இந்திய விலங்கியல் ஆய்வகத்தை 1916இல் தொடங்கிய நெல்சன் அன்னன்டேல், மும்பை மாகாணத்துச் சிற்றோடைகள் சிலவற்றின் விலங்குகளைப் பற்றி 1919இல் எழுதினார். கார்ட்டரின் பஞ்சுயிரிகளை 1911ஆம் ஆண்டு நூலில் மீண்டும் ஒழுங்குபடுத்தியவரும் இவரே. சுந்தர் லால் ஹோரா, கடுவிசை நீரில் பாறையைப் பற்றி வாழும் உயிர்களின் உடலமைப்பை 1930இல் விரிவாக ஆராய்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிப் பாறைகளில் கிரெம்னோகோங்கஸ் என்னும் நத்தை வாழ்கிறது. அதன் உறவினர் யாவும் கடற்கரைப் பகுதிகளில் இருக்க, இது மட்டும் மலையேறி நன்னீரில் வாழ்கிறது. வேறெந்த நாட்டிலும் இல்லாத இந்நத்தையைத் தமிழ்ப் பாடநூல்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

மும்பையின் ஓடைகளுள் தமிழர் நன்கறிந்தது மீட்டி. விஹார், பவாய் ஏரிகளின் வழிநீரால் தொடங்கி, தாராவியை ஒட்டி மாஹிம் கழியில் கலக்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு அது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோதுதான் சாக்கடை என்று எண்ணப்பட்ட அதன் ஆற்றுத்தன்மை நகரத்திற்கு நினைவுக்கு வந்தது.

தாணேக் குளங்களின் இன்றைய நிலை

2001இல் தொடங்கப்பட்ட தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பவாய் ஏரியும், அடுத்துத் தாணேயின் ஒன்பது ஏரிகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2013இல் அத்திட்டம் சதுப்புநிலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. கரைகட்டுதல், கழிவுநீரைத் திருப்புதல், தூர்வாருதல், நுண்ணுயிர் கொண்டு தூய்மைசெய்தல் முதலியவை இத்தகைய திட்டங்களின் வழக்கமான பணிகள். விநாயகர் சிலைகளைக் கரைப்பதற்குச் செயற்கைக் குளங்கள் அமைப்பதில் தாணே மாநகராட்சி காட்டிய அக்கறை பாராட்டத்தக்கது. சுண்ணச்சாந்துச் சிலைகள் நீரில் கரைவதில்லை. வண்ணங்களில் உள்ள உலோகங்களோ வண்டலில் தங்கிவிடுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இலும், திருத்தமாக 2020இலும் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது.

எனினும் இப்பணிகளின் அளவுகோல் பற்றி ஓர் ஐயம் எழுகிறது. கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, உயிரியல் ஆக்சிஜன் தேவை எவ்வளவு, கோலிஃபார்ம் எண்ணிக்கை எவ்வளவு என்பவையே நீரின் நலத்தைச் சொல்லும் எண்களாகக் கொள்ளப்படுகின்றன. இவை நீர் கெட்டதா என்பதைச் சொல்லும். அதில் வாழ்வது எது என்பதைச் சொல்லமாட்டா. கார்ட்டரும் கொன்சால்வஸும் விட்டுச்சென்றவை வேறு வகைச் சான்றுகள்: இந்தப் பருவத்தில், இந்தக் குளத்தில், இந்த உயிர் இருந்தது என்னும் பெயர்ப்பட்டியல்கள். கரை முழுவதும் செங்குத்தாகக் கான்கிரீட் கட்டப்பட்ட குளத்தில், கோடையில் வெளிப்பட்டு மழையில் மூழ்கும் சரிந்த விளிம்பு இல்லாமற்போகிறது. பஞ்சுயிரியின் விதையுருக்கள் காய்ந்து காத்திருந்தது அவ்விளிம்பில்தான். ஆக்சிஜன் எண்ணைக் கொண்டு இவ்விழப்பை அறிய முடியாது. மாதம் ஒருமுறை நீர் முகந்து, கல்லையும் தண்டையும் புரட்டிப் பார்த்து, நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பெயரிட்டு எழுதினால் ஓராண்டில் ஒரு குளத்திற்குப் பட்டியல் கிடைத்துவிடும். கார்ட்டரிடம் இருந்த கருவிகளைக் காட்டிலும் மேம்பட்டவை இன்று இளநிலை விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உள்ளன. மசுந்தாவிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலேயே கல்லூரிகளும் இருக்கின்றன.